பழைய வண்டி பாக்கறதுக்கு முன்னாடி போசியை அளந்துக்கோங்க

வணக்கமுங்க. எல்லாரும் நல்லா இருக்கறீங்களா? நான் பல்லடத்துல இருந்து பேசறனுங்க. பனியன் கம்பெனிகளுக்கு மத்தியானச் சோறு ஆக்கிக் கொண்டு போய்க் குடுக்கறது நம்ம தொழில்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். இன்னைக்கு வண்டி பத்திப் பேசலாம். நெம்பப் பேரு ஒரே கேள்வியைக் கேட்டுட்டே இருக்கறாங்க. "அக்கா, மெஸ் வெச்சிருக்கேன், ஸ்கூட்டில கேரியர் மாட்டிட்டுப் போறது பத்தலை, ரண்டு ரண்டரை லட்சத்துக்குள்ள பழைய வண்டி ஒண்ணு எடுக்கோணும், எதை எடுக்கட்டும்?"

இதுல ஒண்ணு முதல்லயே சொல்லிடறனுங்க. ஆப்புல ஆர்டர் எடுத்து ஒண்ணு ரண்டு பொட்டலம் கொண்டு போறவங்க காருக்குப் போகாதீங்க. பெட்ரோலும் வண்டி நிறுத்த இடம் தேடற நேரமும் உங்க கூலியைத் தின்னுரும், அதுக்கு டூவீலரே போதும். நான் பேசறது அம்பது பேரு, நூறு பேருன்னு மொத்தமா சோறு கொண்டு போறவங்களுக்கு.

பழைய வண்டி விக்கற கன்சல்டிங்குக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கற போசியை, அதாவது சோறு கொழம்பு கொண்டு போற பாத்திரத்தை எல்லாம் தரையில எடுத்து வெச்சு டேப்புல அளந்துருங்க. சோத்து ஹாட் பாக்ஸ் எவ்வளவு உயரம், சாம்பார்த் தூக்குப்போசி எவ்வளவு அகலம், மூடியோட கொக்கி எங்க வரைக்கும் வருது, எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. ஒரு ஆளுக்குச் சோறு, கொழம்பு, பொரியல், ரசம், தயிர், பாத்திரத்தோட எடையெல்லாம் சேத்து முக்கால் கிலோவுல இருந்து ஒரு கிலோ வெச்சுக்கலாம். நூறு பேருக்குன்னா கிட்டத்தட்ட நூறு கிலோ. அதைத் தூக்கி வெக்கறதும் நீங்கதான், எறக்கறதும் நீங்கதான். மைலேஜ், ஏசி, பாட்டுப் பொட்டி இதையெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். அந்த நூறு கிலோ எங்க உக்காரும், எப்படி உள்ள போகும், எப்படி வெளிய வரும், அதைத்தான் முதல்ல பாக்கோணும்.

இப்ப ஆல்டோ 800 எடுத்துக்கோங்க. 796 சிசி எஞ்சின், செலவு கம்மி, எந்த ஊர்ப் பட்டறையிலயும் பாத்துருவாங்க. ஆனா டிக்கி 177 லிட்டர்தான். பின் சீட்டை மடக்கினாலும் தரை மட்டமா வராது, போசி சாஞ்சு நிக்கும். வேகன்ஆர்ல 2019-ல வந்த புது மாடல்னா டிக்கி 341 லிட்டர், உயரமும் இருக்குது. பழைய மாடல்ல அதுல பாதிதான். சிஎன்ஜி வேகன்ஆர்னா டிக்கியையே சிலிண்டர் புடிச்சுக்கும். அதைவிடப் பெரிய தொல்லை டிக்கி வாசல்ல இருக்கற அந்தத் திட்டு. முப்பது கிலோ சாம்பார்ப் போசியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, திட்டுக்கு மேல கொண்டு போய், திரும்ப உள்ள குனிஞ்சு எறக்கோணும். தினமும் செஞ்சா முதுகு தாங்காதுங்க. நேனோ பத்தியும் கேக்கறாங்க. அதுக்கு எஞ்சினே பின்னாடிதான் இருக்குது, சோத்து வேலைக்கு ஆகாது. சின்ன யானைன்னு சொல்ற டாட்டா ஏஸ், நூத்துக்கணக்குல சாப்பாடு போற கேட்டரிங் ஆளுங்களுக்குச் சரி. தினசரி மெஸ்ஸுக்குப் பெருசு, தொறந்த பாடின்னா தூசியும் சேந்துக்கும்.

அப்பறம் ஓம்னி. 1984-ல வந்து 2019-ல நின்ன வண்டி. நம்ம ஊர்ல கல்யாணச் சமையல்ல இருந்து பூ மண்டி வரைக்கும் அதுலதான் ஓடுச்சு. தள்ளுக் கதவு, மட்டமான தரை, எந்தச் சந்துலயும் திரும்பும். எனக்கும் அந்த வண்டி மேல ஆசை உண்டு. இருந்தாலும் தினசரித் தொழிலுக்கு எடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். முன்னாடி உக்காந்தா உங்க முழங்காலுக்கும் எதுக்க வர லாரிக்கும் நடுவுல ஒரு தகடுதான் இருக்குது. ஏர்பேக் அதுல வந்ததே இல்லை. 12 இஞ்ச் சக்கரம், மங்கலம் ரோட்டுப் பக்கம் ஒரு குழியில எறங்கினா ரசம் மூடிக்கு வந்துரும். நம்ம காத்தையும் யோசிக்கோணுமுங்க. ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர காத்து பல்லடம் - உடுமலை ரோட்டுல கேத்தனூர், குடிமங்கலம் பக்கம் என்ன அடி அடிக்குதுன்னு அங்க போறவங்களுக்குத் தெரியும், அதுக்கோசரம்தான அத்தனை காத்தாலை நிக்குது. எடை கம்மியான உயரமான வண்டி, சோத்தை எறக்கிட்டுக் காலியா திரும்பறப்ப ஸ்டியரிங்கை ரண்டு கையிலயும் இறுக்கிப் புடிச்சே வரோணும்.

அதனால நான் சொல்றது ஈகோ. அதுலயும் பின் சீட்டு இல்லாத சரக்கு மாடலான கார்கோ. ஈகோ 2010-ல இருந்து வருது, 1200 சிசி எஞ்சின், 2022 நவம்பர்ல புது எஞ்சின் மாத்தினாங்க. நம்ம பட்ஜெட்டுக்குப் பழைய எஞ்சின் வண்டிதான் கெடைக்கும், அது ஒண்ணும் மோசமில்லை. பவர் ஸ்டியரிங் இருக்காது, அதுக்குக் கை பழகிக்கும். பின்னாடி தரை மட்டமா இருக்கும், பக்கவாட்டுக் கதவைத் தள்ளி போசியை அப்படியே உள்ள நகத்தலாம். அனுப்பர்பாளையத்துல பாத்திரம் எடுக்கறப்பவே கொக்கி மூடி வெச்ச, அடி அகலமான போசியாப் பாத்து எடுங்க, அது அந்தத் தரையில அசையாது. எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில இருக்கறதுனால சீட்டுக்குப் பின்னாடி சூடு வரும். அந்தப் பக்கம் சோறும் சாம்பாரும் வெச்சுட்டு, தயிரும் பச்சடியும் பின் கதவு ஓரமா வெக்கோணும். ஆக்கின சோறு கொழம்பெல்லாம் 60 டிகிரிக்குக் கீழ எறங்கினா கிருமி வளர ஆரம்பிச்சுரும். கடைசிக் கம்பெனில மூடியைத் தொறக்கறப்பவும் ஆவி வரோணும். அதனால வண்டி எடுக்கறப்ப எத்தனை நிறுத்தம், எவ்வளவு நேரம்னு கணக்குப் போட்டுத்தான் எடுக்கோணும்.

கார்கோன்னு அழுத்திச் சொல்றதுக்குத் தரை மட்டும் காரணமில்லைங்க. நம்பர் போர்டுதான் முக்கியக் காரணம். கார்கோ மஞ்சள் போர்டு சரக்கு வண்டி, சொந்தக் கார் எல்லாம் வெள்ளை போர்டு. வெள்ளை போர்டு காருக்குப் போடற இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, எதுக்கெல்லாம் ஓட்டலாம்ங்கற பத்தியைப் படிச்சுப் பாருங்க. கூலிக்கு ஓட்டறதுக்கும் சரக்கு ஏத்தறதுக்கும் அது செல்லாதுன்னு போட்டிருக்கும். மாதிரிச் சரக்கும் சொந்தச் சாமானும் மட்டும்தான் வெச்சுக்கலாம். வியாபாரச் சோறு ஏத்திட்டுப் போறப்ப எங்கயாவது இடிச்சுதுன்னா, கிளெய்ம் குடுக்க மாட்டோம்னு சொல்ல அவங்களுக்கு அந்த ஒரு வரி போதும். தெனமும் ரோட்டுல நிக்கற தொழிலுக்கு அந்தப் பயத்தோட வண்டி ஓட்ட வேண்டாமுங்க. சீட்டைக் கழட்டிப் போட்டு ஏத்திக்கலாம்னு சில பேரு சொல்றாங்க. ஆர்சியில இருக்கறதுக்கு மாறா வண்டியை மாத்தறதும் தப்புதான்.

மஞ்சள் போர்டுன்னாலே பெர்மிட், பேட்ஜ்னு அலையோணும்னு நெம்பப் பேரு பயப்படறாங்க. மொத்த எடை 3,000 கிலோவுக்குள்ள இருக்கற சரக்கு வண்டிக்கு பெர்மிட் வேண்டியதில்லைங்க. லைசென்ஸும் கார் ஓட்டற எல்எம்வி லைசென்ஸே போதும். 7,500 கிலோ வரைக்கும் அது செல்லும்னு சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதிகள் அமர்வுலயே சொல்லிட்டாங்க. எஃப்சி, அதாவது வண்டி ஓடற தகுதியில இருக்குதுங்கற சான்று, அது மட்டும் உண்டு. புது வண்டிக்கு எட்டு வருசம் வரைக்கும் ரண்டு வருசத்துக்கு ஒருக்கா, அப்பறம் வருசா வருசம். அதனால எட்டு வருசம் தாண்டின வண்டின்னா எஃப்சி எப்ப முடியுதுன்னு பாத்து அந்தச் செலவை வெலையில கழிச்சுப் பேசுங்க.

இப்பத்தான் நெசமான வேலையே. மஞ்சள் போர்டு ஈகோ சும்மா வீட்டுல நின்ன வண்டியா இருக்காது. முன்னாடி அது என்ன ஏத்துச்சுன்னு கண்டுபுடிக்கோணும். தண்ணி கேன் போட்ட வண்டியா? அப்படின்னா நான் பக்கத்துலயே போக மாட்டேன். கேன் தண்ணி சிந்திச் சிந்தித் தரைத் தகடு ரப்பர் விரிப்புக்கு அடியில துருவேறிக் கெடக்கும், பின் சஸ்பென்ஷனும் தளந்திருக்கும். விரிப்பைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க, காட்டலைன்னா கெளம்பிருங்க. கோழி, மீன் ஏத்தின வண்டியை மோந்து பாத்தாலே தெரியும். கதவைச் சாத்தி வெயில்ல சித்தெ நேரம் நிறுத்திட்டுத் தொறங்க, சென்ட் அடிச்சிருந்தாலும் வாசம் வெளிய வந்துரும். அந்த வாசம் சோத்துல ஏறும். கூரியர் வண்டின்னா ஓட்டம் பயங்கரமா இருக்கும். மீட்டரை நம்பாதீங்க, கிளட்ச் பெடல் ரப்பர் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாருங்க. நாமக்கல் பக்கம் முட்டை ஏத்தின வண்டி பரவால்லைங்க, ஒடையற சாமான் ஏத்தறவங்க குழி பாத்துத்தான் ஓட்டியிருப்பாங்க. என்னைக் கேட்டா பேக்கரி வண்டிதான் நெம்ப நல்லது. எடை கம்மி, உள்ள சுத்தமா வெச்சிருப்பாங்க. நின்னு நின்னு போனதுல கிளட்ச் பிளேட் மட்டும் தேஞ்சிருக்கும், அதை மாத்திக்கலாம்.

வண்டி பாக்கக் காலையிலயே போங்க, வரோம்னு முன்கூட்டியே சொல்லாம. எஞ்சின் சில்லுன்னு இருக்கறப்ப முதல் ஸ்டார்ட்டை நீங்க பாக்கோணும். நீலப் புகை வந்தா ஆயில் குடிக்கற வண்டி. டயர்ல நாலு நம்பர் அச்சடிச்சிருக்கும். 2319-ன்னு இருந்தா 2019-ல 23-வது வாரம் பண்ணின டயர்னு அர்த்தம். டயர் மேல இருக்கற பட்டன் தேயாம இருக்குதேன்னு மயங்காதீங்க, பழைய ரப்பர் வெறைச்சுப் போயிருக்கும். ஈகோ பின்சக்கர வண்டிங்கறதுனால ஓட்டறப்பப் பின்னாடி உய்ய்னு சத்தம் வந்தா கிரவுன்ல, அதாவது பின் அச்சுல இருக்கற பல்சக்கரத்துல, வேலை இருக்குது. ஒடுங்கின இடத்தைப் பட்டி பூசி மறைச்சுப் பாலீஷ் போட்டு நம்ம தலையில கட்டித் தாட்டி விட்டுருவாங்க, அதனால ஒரு காந்தத்தைத் துணியில சுத்திக் கதவு ஓரமா வெச்சுப் பாருங்க. பட்டி இருக்கற இடத்துல ஒட்டாது. இப்ப வர பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலக்கறாங்க. 2023 ஏப்ரலுக்கு முந்தின வண்டின்னா பெட்ரோல் ஹோஸ் எல்லாம் வெடிச்சிருக்குதான்னு மெக்கானிக்கை ஒருக்கா பாக்கச் சொல்லுங்க.

ஓட்டிப் பாக்கறப்ப காலி வண்டியா ஓட்டாதீங்க. வீட்டுல இருந்து ஒரு தூக்குப்போசி கொண்டு போய், முக்காவாசி தண்ணி ஊத்தி, மூடி போட்டுப் பின்னாடி வெச்சு, நீங்க தினமும் போகப் போற வழியிலயே ஒரு சுத்து போய்ட்டு வாங்க. கிளட்ச் உதறுதா, பிரேக் ஒரு பக்கம் இழுக்குதா, சஸ்பென்ஷன் குதிக்குதான்னு அந்தத் தண்ணியே சொல்லிரும். விக்கறவங்க இதுக்குச் சம்மதிக்கலைன்னா அடுத்த வண்டியைப் பாருங்க.

பேப்பர் விஷயம் சுருக்கமா சொல்றனுங்க. எம்பரிவாகன் ஆப்புல நம்பர் போட்டு எஃப்சி, இன்சூரன்ஸ், எச்பி, அதாவது வண்டி மேல லோன், இருக்குதான்னு பாருங்க. ஃபைன் பாக்கி எவ்வளவு நிக்குதுன்னும் பாருங்க. லோன் முடிஞ்சிருந்தா ஃபார்ம் 35, பேர் மாத்த 29-ம் 30-ம். பணத்தை முழுசா குடுக்கறதுக்கு முன்னாடி பேர் மாத்தற வேலையை ஆரம்பிச்சுருங்க, அப்பறம் பாத்துக்கலாம்னு விடாதீங்க. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தோணும், பழையவங்களோட நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. ஃபாஸ்டேக்கை அவங்களை மூடச் சொல்லிட்டு உங்க பேர்ல புதுசு வாங்குங்க. இல்லைன்னா கணியூர் டோல்ல நிக்கறப்பதான் தெரியும், பின்னாடி சோறு ஆறிட்டிருக்கும்.

கையில இருக்கற காசை எல்லாம் வண்டி வெலைக்கே குடுத்துராதீங்க. டயர், பேட்டரி, கிளட்ச், உள்ள போசி நகராம இருக்க ஒரு கம்பித் தடுப்பு, இதுக்கெல்லாம் தனியா எடுத்து வெச்சுட்டுப் பேரம் பேச உக்காருங்க. அந்தத் தடுப்பை எப்படி அடிக்கறது, வெல்டிங் பட்டறைல என்ன அளவு சொல்றதுன்னு அடுத்த வீடியோல வண்டியைத் தொறந்து வெச்சே காட்டறனுங்க. ஈரோடு, கரூர் பக்கம் ஈகோவுல சோறு கொண்டு போறவங்க யாராவது இருந்தா, உங்க வண்டியில தடுப்பு எப்படி வெச்சிருக்கறீங்கன்னு போட்டோ எடுத்து அனுப்புங்க, அதையும் சேத்துக் காட்டறேன். வரனுங்க.