கூட வந்தவரிடம் கேட்காதீர்கள்

ஆசிரியப் பெருமக்களே, மருத்துவ மாணவ மாணவியரே, வணக்கம்.

மாணவர்களிடம் ஒரு கேள்வி. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டு, பல வருடங்களாகச் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் தலைவலி என்று வருகிறார். முகம் சிவந்து வியர்க்கிறது. பி.பி. 145/90. என்ன செய்வீர்கள்?

வலி மாத்திரை எழுதி அனுப்பிவிடத் தோன்றும். ஆனால் இப்படிப்பட்டவருக்கு பி.பி.யின் மேல் அளவு வழக்கமாக 90 முதல் 110 வரைதான் இருக்கும். அவருக்கு 145 என்பது அபாயம். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம், மூளையில் ரத்தக்கசிவும் ஏற்படலாம். தண்டுவடம் அடிபட்டவருக்கு இப்படித் திடீரென்று ரத்த அழுத்தம் எகிறுவதை ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்று பாடத்தில் ஒரு பத்தி படித்திருப்பீர்கள். பெரும்பாலும் சிறுநீர்ப்பை நிரம்பியிருப்பதோ மலச்சிக்கலோதான் காரணம். உடனே நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், இறுக்கமான உடையைத் தளர்த்த வேண்டும், சிறுநீர் வெளியேறப் பொருத்திய கதீட்டர் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மடிப்பை எடுத்துவிட்டாலே சில சமயம் பி.பி. இறங்கிவிடும்.

இதில் முக்கியமானது என்னவென்றால், அந்த நோயாளிக்கு இது புதிதல்ல. "எனக்கு எப்பவும் நூறுதான் டாக்டர் இருக்கும்" என்று அவரே சொல்வார். அவரிடம் கேட்டால்! நாமோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தவரைப் பார்த்து, "இவருக்கு என்ன பண்ணுது?" என்கிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, உலகில் ஏறக்குறைய 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க உடல், மனக் குறைபாட்டோடு வாழ்கிறார்கள். அவர்களில் சிலர் மற்றவர்களைவிட 20 ஆண்டுகள் வரை முன்னதாகவே இறந்துபோகிறார்கள். குறைபாடு மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பேச்சு வராத, அறிவுத்திறன் குறைபாடுள்ள ஒரு பையன் திடீரென்று தலையில் அடித்துக்கொள்கிறான். "இவன் இப்படித்தான்" என்று மயக்க மருந்து கொடுக்கிறார்கள். காதுக்குள் சீழ் பிடித்திருக்கலாம், பல் சொத்தையாகி வலிக்கலாம். யாரும் விளக்கடித்துப் பார்ப்பதில்லை. இது எனக்குக் கோபமூட்டுகிற விஷயம். அந்தக் கோபம் உங்களுக்கும் வர வேண்டும்.

2021இல் வெளியான ஆய்வொன்றில் அமெரிக்க மருத்துவர்கள் 714 பேரிடம் கேட்டார்கள். கடுமையான குறைபாடு உள்ளவர்களின் வாழ்க்கைத் தரம் மற்றவர்களைவிட மோசம் என்று சுமார் 82 சதவீதம் பேர் சொன்னார்கள். அவர்களுக்கும் அதே தரத்தில் சிகிச்சை தர முடியும் என்று மிக உறுதியாகச் சொன்னவர்கள் சுமார் 41 சதவீதம்தான். இந்த எண்ணத்தோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் முடிவெடுத்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

சரி, குறைபாடு உள்ளவர்களைச் சரியாகக் கவனிக்க மாணவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? மாணவர் கண்ணைக் கட்டி அரைமணி நேரம் நடக்க விடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதில் பயமும் பரிதாபமும்தான் மிஞ்சும். பார்வையற்றவர் வருடக்கணக்கில் பழகிய திறமை புரியாது. அவரையே வகுப்புக்கு அழையுங்கள், மற்ற ஆசிரியர்களைப் போல ஊதியம் கொடுங்கள். தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொட வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும். காது கேளாதவர் வந்தால், சைகை மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் தன் முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்வார். பெருமூளை வாதத்தால் பேச்சு குழறுபவரிடம், புரியாமலே தலையாட்டாமல், "புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்கப் பழகுங்கள்.

அப்புறம், தேர்வு. பரீட்சையில் வராததை யாரும் படிப்பதில்லை. எனவே செய்முறைத் தேர்வில் ஒரு கேஸாவது குறைபாடு உள்ளவருடையதாக இருக்கட்டும். மாணவர் யாரைப் பார்த்துப் பேசினார், என்ன கேட்டார் என்பதற்கான மதிப்பெண்ணை அந்த நோயாளியே போடட்டும்.