புல் இன்சூரன்ஸ் இருந்தும் பாதிக் காசுகூட வரவில்லை! புதிதாக லைசன்ஸ் எடுத்தவர்கள் கட்டாயம் பாருங்கள்

[திரையில்: இரவு. கார் லைட் வெளிச்சத்தில் நடுவீதியில் நிற்கும் கறுப்பு மாடு]

வயது 21. லைசன்ஸ் எடுத்து ஏழு மாதம். இரவு ஒன்பதரை மணிக்கு சந்திவெளி தாண்டி கிரான் பக்கம் வந்துகொண்டிருக்கிறான். நடுவீதியில் ஒரு கறுப்பு மாடு. பிரேக்கை அழுத்தி ஸ்டியரிங்கை வெட்டியதில் கார் மதகில் மோதி முன்பக்கம் நொறுங்கிவிட்டது. கடவுள் புண்ணியம், ஆளுக்கும் ஒன்றுமில்லை, மாட்டுக்கும் ஒன்றுமில்லை.

கராஜ் பில் 4 இலட்சம் ரூபா. கையில் புல் இன்சூரன்ஸ். கம்பனி கொடுத்தது 1,60,000 ரூபா.

அந்தப் பொடியன் என் தம்பி. மிச்சக் காசுக்கு அம்மாவின் தோட்டை அடகு வைத்துத்தான் காரை வெளியே எடுத்தோம். கம்பனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் பாலிசியில் எழுதியிருந்தபடிதான் செய்தார்கள். அதை நாங்கள் வாசிக்கவில்லை. ஏஜன்ட்டும் வாசித்துச் சொல்லவில்லை. அந்த 4 இலட்சம் எப்படி 1,60,000 ஆனது என்ற கணக்கைத்தான் இந்த வீடியோவில் பிரித்துக் காட்டப் போகிறேன். அந்தக் கணக்கு விளங்கினால், குறைந்த காசில் சரியான காப்புறுதி எடுப்பது எப்படி என்பதும் விளங்கிவிடும்.

[திரையில்: வரிப்பத்திரம் ஒட்டிய கார்க் கண்ணாடி]

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அது இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. தேர்ட் பார்ட்டி என்பது உங்கள் வாகனத்தால் மற்றவருக்கு வரும் சேதத்துக்கு. உங்கள் காரில் ஒரு கீறல் விழுந்தாலும் அதற்கு ஒரு சதம் வராது. புல் இன்சூரன்ஸ் எடுத்தால் உங்கள் காருக்கும் சேர்த்து வரும். லீசிங்கில் எடுத்த காருக்கு புல் இன்சூரன்ஸ்தான் கேட்பார்கள், அங்கே தெரிவு இல்லை. அவ்வளவுதான், விசயத்துக்கு வருவோம்.

இளம் சாரதிக்கு மலிவான காப்புறுதி என்று யூடியூபில் தேடினால் வருவதெல்லாம் வெளிநாட்டு வீடியோக்கள். லண்டனில் இருக்கும் என் மச்சாளிடம் கேட்டேன். அங்கே 17 வயதில் கார் ஓட்டலாம், ஆனால் அந்த வயதுக்கு பிரீமியம், அதாவது காப்புறுதிக்குக் கட்டும் காசு, எக்கச்சக்கம். பழைய கார் என்றால் காரின் விலையையே தாண்டிவிடுமாம். அதனால் பிள்ளைகள் காரில் ஒரு கருவியைப் பூட்ட ஒத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு வேகம், எப்படி பிரேக் பிடிக்கிறார்கள், இரவு எத்தனை மணிக்கு ஓடுகிறார்கள் என்று எல்லாம் கம்பனிக்குப் போகும். இன்னொரு விசயம் எனக்கே புதிது. முன்பு அங்கே பொம்பிளைப் பிள்ளைகளுக்கு பிரீமியம் குறைவு, ஆம்பிளைப் பிள்ளைகளுக்குக் கூட. 2011இல் ஐரோப்பிய நீதிமன்றம் அது பாகுபாடு என்று தீர்ப்புச் சொல்லி, 2012 டிசம்பர் 21இல் இருந்து ஆண் பெண் பார்த்து விலை போடுவது நின்றுவிட்டது.

அந்த அறிவுரைகள் இங்கே பெரிதாகப் பொருந்தாது. நம் நாட்டில் பிரீமியத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது காரின் பெறுமதி. வயது பிரீமியத்தில் தெரியாமல், பாலிசியின் உள்ளே ஒரு வரியாக ஒளிந்திருக்கும். அந்த வரியின் பெயர் எக்ஸஸ்.

எக்ஸஸ் என்றால் ஒவ்வொரு கிளெய்மிலும், அதாவது கம்பனியிடம் இழப்பீடு கேட்கும் ஒவ்வொரு முறையும், முதலில் உங்கள் கையில் இருந்து போகும் தொகை. சாதாரண எக்ஸஸ் எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேலே, ஓட்டியவர் குறிப்பிட்ட வயதுக்குக் கீழே என்றாலோ, லைசன்ஸ் எடுத்து அதிக காலம் ஆகவில்லை என்றாலோ, சில பாலிசிகளில் இன்னொரு எக்ஸஸ் சேரும். தம்பியின் பாலிசியில் சாதாரண எக்ஸஸ் 15,000, அனுபவமில்லாத சாரதிக்கு மேலதிகமாக 25,000. ஆக 40,000 ரூபா. 45 வயது மாமா அதே காரை அதே மதகில் மோதியிருந்தால் 15,000தான் போயிருக்கும்.

சரி, 4 இலட்சத்தில் 40,000 போனால் 3,60,000 வரவேண்டும். மிச்ச 2 இலட்சம் எங்கே?

[திரையில்: நெல் மூடைகள் அடுக்கிய களஞ்சியம்]

இந்த இடத்தில் கொஞ்சம் ஆறுதலாக நிற்கப் போகிறேன். எனக்கு இது விளங்கவே மூன்று நாள் பிடித்தது. விளங்கிய பிறகு வாகனம் வைத்திருக்கும் எல்லோருக்கும் போன் எடுத்துச் சொன்னேன்.

படுவான்கரையில் ஒருவர் வேளாண்மை வெட்டி 100 மூடை நெல்லை வீட்டில் அடுக்கியிருக்கிறார் என்று வையுங்கள். அதற்குக் காப்புறுதி எடுக்கப் போகிறார். பிரீமியத்தைக் குறைக்க, "என்னிடம் 50 மூடைதான் இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்து 50 மூடைக்குக் காசு கட்டுகிறார். மழைக்குக் கூரை ஒழுகி 10 மூடை நனைந்து போகிறது. அவர் என்ன நினைப்பார்? "50 மூடைக்குக் கட்டியிருக்கிறேன், 10 மூடைதானே போனது, பத்துக்கும் காசு தா" என்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கம்பனி கேட்பது வேறு கேள்வி. நனைந்த அந்தப் பத்து மூடை, காசு கட்டிய ஐம்பதில் உள்ளதா, கட்டாத ஐம்பதில் உள்ளதா? மூடையில் பெயர் எழுதியா இருக்கிறது? அதனால் பாதி எங்கள் பொறுப்பு, பாதி உங்கள் பொறுப்பு என்று பிரித்து, ஐந்து மூடைக்கு மட்டும் காசு தருவார்கள். அரைவாசிக்குக் காப்புறுதி எடுத்த அன்றைக்கே மற்ற அரைவாசிக்கு நீங்களே காப்புறுதிக் கம்பனி ஆகிவிட்டீர்கள். கூட்டு வேளாண்மையில் விளைச்சலையும் நட்டத்தையும் பங்கு போடுவோமே, அதே கணக்கு.

காருக்கும் இதேதான். தம்பியின் காரின் சந்தை விலை 60 இலட்சம். பாலிசியில் போட்டிருந்த காப்புறுதித் தொகை 30 இலட்சம். "தொகையைக் குறைத்தால் பிரீமியம் குறையும், பெரிய விபத்து எல்லாம் எங்கே வரப்போகுது" என்று சொல்லித்தான் போட்டுத் தந்தார்கள். பிரீமியம் குறைந்தது உண்மை. ஆனால் 60க்கு 30 என்றால் பாதி. 4 இலட்சம் சேதத்தில் பாதி 2 இலட்சம். அதில் எக்ஸஸ் 40,000 கழிந்தால்...

[திரையில் பெரிதாக: 1,60,000]

1,60,000. முழுக் கணக்கும் இதுதான். இதற்கு சராசரி விதி என்று பெயர். சிறிய வித்தியாசத்தை விட்டுவிடும் பாலிசிகளும் உண்டு. எவ்வளவு வரை விடுவார்கள் என்பதை எடுக்கும்போதே கேளுங்கள்.

இதில் இன்னொரு கொடுமை. பெறுமதியைக் குறைத்தே காட்டாத நேர்மையான ஆட்களும் மாட்டிக்கொண்டார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இடையில் பழைய கார்களின் விலை கண்மண் தெரியாமல் ஏறியது. 2019இல் போட்ட தொகையையே வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டு வந்தவர், தனக்கே தெரியாமல் பாதிக் காப்புறுதிக்காரர் ஆகிவிட்டார். வாப்பா வாங்கிய காரை இப்போது ஓட்டும் காத்தான்குடிப் பொடியனும், அண்ணன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன காரை எடுத்த களுவாஞ்சிக்குடித் தங்கச்சியும் இந்த வீடியோவை நிறுத்திவிட்டு உடனே பாலிசியை எடுத்துப் பாருங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன், நிறுத்துங்கள். நான் இங்கேதான் இருப்பேன்.

பார்த்தாச்சா? இக்மன், ரியசெவன போன்ற விளம்பர இணையத்தளங்களில் அதே மொடல், அதே வருடம், ஐந்து விளம்பரங்களைப் பாருங்கள். விற்பவர் கேட்கும் விலை கொஞ்சம் ஏற்றித்தான் இருக்கும், அதைக் கழித்து ஒரு தொகையை எடுங்கள். அதிகமாகப் போடுவதிலும் பலன் இல்லை. கார் முற்றாக அழிந்தால் அன்றைய சந்தை விலைக்கு மேல் தரமாட்டார்கள். மேலதிகமாகக் கட்டிய பிரீமியம் வீண்.

[திரையில்: மூன்று கொட்டேசன் தாள்கள் பக்கத்தில் பக்கத்தில்]

அப்புறம் எதில்தான் காசைக் குறைப்பது? முதலில் காரிலேயே. ஆரம்பத்தில் சின்னக் கார், சாமான் எங்கும் கிடைக்கும் கார். ஆல்ட்டோவுக்கு பம்பர் மாற்றுவதும் ஹைபிரிட் காருக்கு முன்பக்கம் கட்டுவதும் ஒன்றா? வாகனம் பழையது என்றால், மாற்றும் சாமானின் விலையில் ஒரு பங்கை நீங்களே கட்ட வேண்டி வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அடுத்தது கிளெய்ம் செய்யாமல் இருந்தால் கிடைக்கும் கழிவு, நோ கிளெய்ம் போனஸ். வருடம் ஏற ஏற இது பெரிய தொகையாகும். என்னைக் கேட்டால் இளம் சாரதியின் பெரிய சொத்து இதுதான். வாசல் கேற்றில் உரசி 18,000 ரூபா பில் வந்தால் கிளெய்ம் போடாதீர்கள். எக்ஸஸ் 15,000 போக 3,000 ரூபாவுக்காக அடுத்த வருடக் கழிவை இழப்பீர்கள். அப்பாவின் பெயரில் பல வருடக் கழிவோடு பாலிசி இருந்தால் அதைக் குலைக்காமல் வைத்திருக்கலாம், மகன் ஓட்டலாம். ஆனால் பெரும்பாலும் ஓட்டப் போவது மகன் என்பதைக் கம்பனிக்குச் சொல்லிவிடுங்கள். எல்-போர்ட் போட்டுப் பழகும் காலம் பாலிசிக்குள் வருகிறதா என்பதையும் கேளுங்கள். இதை மறைத்துச் சேமிக்கும் காசை நான் சேமிப்பு என்று சொல்லமாட்டேன். காப்புறுதியே உண்மையைச் சொல்வதில் நிற்கும் ஒப்பந்தம். மறைத்தது தெரிந்தால் கிளெய்மை நிராகரிக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.

அதே காரணத்தால்தான் ஹயர், அதாவது காசுக்கு ஆள் ஏற்றி ஓடும் விசயத்தையும் சொல்கிறேன். கட்டுநாயக்காவுக்கு ஒரு ஓட்டம், அறுகம்பைக்கு வெள்ளைக்காரரை ஏற்றி ஒரு ஓட்டம் என்று நிறையப் பொடியன்கள் செய்கிறார்கள். உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் சொந்தப் பாவனை என்று எடுத்த பாலிசியில் ஹயர் ஓடி விபத்தானால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். ஹயருக்கு வேறு பிரீமியம். கூடத்தான், கட்டுங்கள்.

சாதாரண எக்ஸஸை நீங்களாகவே கூட்டிக்கொண்டால் பிரீமியம் குறைக்கும் கம்பனிகள் உண்டு. அந்தத் தொகை எப்போதும் வங்கியில் இருக்கும் என்றால் மட்டும் செய்யுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்திருக்கிறோம், 50,000 ரூபாவைத் தனிப் புத்தகத்தில் போட்டு.

கொட்டேசன் எடுக்கும்போது குறைந்தது மூன்று இடம். ஏஜன்ட் தன் கம்பனிக்காகப் பேசுவார், தரகர் நிறுவனம் பல கம்பனிகளின் விலையை எடுத்துத் தரும். மூன்று தாளிலும் ஒரே காப்புறுதித் தொகை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட்டுப் பயன் இல்லை. மேலே உள்ள பிரீமியத்தைப் பார்க்காதீர்கள். 18 சதவீத வற் வரியும் மற்றக் கட்டணங்களும் சேர்ந்த கடைசி வரியைப் பாருங்கள்.

[திரையில்: வெள்ளத்தில் சில்லு மூழ்கிய கார்]

மட்டக்களப்பு, அம்பாறை ஆட்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. வெள்ளம் எல்லாப் பாலிசியிலும் தானாக வராது, சேர்த்து எடுக்க வேண்டியிருக்கலாம். கொழும்பில் இருந்து கொட்டேசன் போடுபவர் அதைத் தட்டிவிட்டு விலையைக் குறைத்துக் காட்டுவார். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட ஊர் நாங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் எங்கே தண்ணீர் ஏறும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள். தண்ணீருக்குள் கார் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். தண்ணீர் இஞ்சினுக்குள் போய் உள்ளே இரும்பு வளைந்துவிடும். நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று கம்பனி கைவிரிக்கவும் கூடும். தள்ளி ஓரம் கட்டிவிட்டு, பாலிசி அட்டையில் உள்ள இலக்கத்துக்கு அழையுங்கள். வேறு விபத்து என்றால் வாகனத்தை நகர்த்த முன்பே போன்.

கிளெய்மில் அநியாயம் நடந்ததாக நினைத்தால் முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிடுங்கள். சரிவராவிட்டால் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும், முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனும் இருக்கிறார்கள்.

தம்பியின் பாலிசியை இந்த வருடம் 60 இலட்சத்துக்குப் போட்டோம், வெள்ளத்தையும் சேர்த்தோம், எக்ஸஸைக் கூட்டினோம். மூன்று கொட்டேசன்களில் கூடியதுக்கும் குறைந்ததுக்கும் இடையே நல்ல வித்தியாசம் இருந்தது. ஆனால் நாங்கள் எடுத்தது நடுவில் உள்ளதை. அதில்தான் இளம் சாரதிக்கான மேலதிக எக்ஸஸ் மிகக் குறைவு.

உங்கள் பாலிசியில் அந்தத் தொகை எவ்வளவு? கமெண்டில் எழுதுங்கள். கம்பனிப் பெயர் வேண்டாம், ஓட்டுபவரின் வயதும் தொகையும் மட்டும் போதும். நூறு பேர் எழுதினால் அதை அட்டவணையாகப் போட்டு அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். சப்ஸ்கிரைப் செய்துவிட்டு, லைசன்ஸுக்குப் பழகிக்கொண்டிருக்கும் ஒரு தம்பிக்கோ தங்கச்சிக்கோ இந்த லிங்கை இப்போதே அனுப்பிவிடுங்கள்.