வர்க்கி டப்பாவில் ஒரு ரகசியம்: மலைவீட்டில் சிறிய வளைகாப்பு

[காட்சி: குன்னூரில் ஒரு சமையலறை. சன்னலுக்கு வெளியே மூடுபனி. மேசையில் ஒரு தகர டப்பா.]

வணக்கம். ஒரு கேக்கை வெட்டுகிறார்கள். உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தால் பெண் குழந்தை, நீலம் தெரிந்தால் ஆண் குழந்தை. சுற்றி நிற்பவர்கள் ஆரவாரம் செய்கிறார்கள். இந்தக் காட்சியைக் கைப்பேசியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். என் தங்கை ஐந்தாம் மாதத்தில் இருந்தபோது அவளும் பார்த்தாள். "அக்கா, நம் வீட்டிலும் இதுபோல ஒன்றைச் சின்னதாகச் செய்யலாமா?" என்று ஆசையோடு கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன பதிலும், பிறகு நாங்கள் நடத்திய விழாவும்தான் இந்த வீடியோ.

முதலில் அந்தப் பதில். பிறப்பதற்கு முன்பே ஆணா பெண்ணா என்று அறிவிக்கும் விழாவை நம் நாட்டில் நடத்தக் கூடாது. ஸ்கேன் எடுக்கப் போன எல்லோரும் சுவரில் அந்தப் பலகையைப் பார்த்திருப்பார்கள்: கருவில் இருக்கும் குழந்தையின் பாலினம் இங்கே சொல்லப்பட மாட்டாது, கேட்பதும் சொல்வதும் குற்றம். 1994இல் இயற்றப்பட்டு, 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து, 2003இல் இன்னும் கடுமையாக்கப்பட்ட, கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடை செய்யும் சட்டம்தான் அதற்குக் காரணம். அந்தச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். கருவின் பாலினத்தைத் தாய்க்கோ, உறவினருக்கோ, வேறு யாருக்குமோ சொல்லாலோ, சைகையாலோ, வேறு எந்த விதத்திலுமோ தெரிவிக்கக் கூடாது என்கிறது. அந்த "வேறு எந்த விதத்திலும்" என்ற சொற்களுக்குள் பாலினத்தை எழுதி ஒட்டிய உறையும் அடங்கும், கேக்கின் நிறமும் அடங்கும். சொல்லும் மருத்துவருக்கு முதல் முறையே 3 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. பாலினம் அறிய வேண்டும் என்று கேட்டு வரும் குடும்பத்தாருக்கு 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். கட்டாயப்படுத்தி அழைத்து வரப்பட்ட பெண்ணை மட்டும் சட்டம் தண்டிப்பதில்லை. அதை எழுதியவர்களுக்கு நம் வீடுகளின் நிலைமை நன்றாகவே தெரிந்திருக்கிறது.

"வெளிநாட்டில் பரிசோதனை செய்துகொண்டால்?" என்று தங்கையின் கணவர் கேட்டார். அந்த வழியையும் ஒருவர் முயன்று பார்த்துவிட்டார். 2024 மே மாதம் சென்னையைச் சேர்ந்த ஒரு யூடியூபர் துபாயில் பரிசோதனை செய்துகொண்டு, இங்கே விழா வைத்து வீடியோ வெளியிட்டார். சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது. அவர் வீடியோவை நீக்கி மன்னிப்பும் கேட்டார்.

[காட்சி: பழைய மரத் தொட்டில் ஒன்று.]

இத்தனை கடுமை எதற்கு என்று இளையவர்கள் கேட்கிறார்கள். 1992இல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. பெண் சிசுவைக் கொல்லாதீர்கள், எங்கள் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று ஓர் அரசு கெஞ்ச வேண்டிய நிலை இருந்த மாநிலம் இது. 2011 கணக்கெடுப்பில்கூடத் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள்தான். நீலகிரியில் 985. நம் மாவட்டத்தின் எண்ணைப் பார்த்து எனக்குப் பெருமைதான். ஆனாலும் விழா என்றால் எல்லா ஊரிலிருந்தும் சொந்தக்காரர்கள் வருவார்கள். கேக்குக்குள் இளஞ்சிவப்பைக் கண்டதும் ஒரே ஒரு பெரியவரின் முகம் சுருங்கினால் போதும். அந்தத் தாய் மீதி மாதங்கள் முழுவதும் வயிற்றுப் பிள்ளையோடு சேர்த்து அந்த முகத்தையும் சுமப்பாள். சட்டமே இல்லாவிட்டாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இந்த வழக்கம் பிறந்த அமெரிக்காவிலேயே அது எங்கே போய் முடிந்தது என்பதையும் தங்கைக்குச் சொன்னேன். 2008இல் ஒரு பெண் கேக் வெட்டியதிலிருந்து இது பரவியது. கேக் போதவில்லை என்று வெடிக்குப் போனார்கள், வண்ணப் புகைக்குப் போனார்கள். 2017 ஏப்ரலில் அரிசோனாவில் இப்படி ஒரு விழாவின் வெடியால் பற்றிய தீ ஏறத்தாழ 47,000 ஏக்கரைத் தின்றது. 2020 செப்டம்பரில் கலிபோர்னியாவில் வண்ணப் புகை கக்கும் ஒரு புகைக்குழாயிலிருந்து தொடங்கிய தீயில் 22,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. தீயை அணைக்கப் போன வீரர் ஒருவர் உயிரிழந்தார். கேக் வெட்டித் தொடங்கி வைத்த அந்தப் பெண்ணே பிற்பாடு வருந்திப் பேசினார்.

இதைத் தூரத்துச் செய்தி என்று ஒதுக்கிவிட மலையில் வாழும் நம்மால் முடியாது. ஜனவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரை, உறைபனியில் கருகிய புல் காய்ந்து கிடக்கும். கற்பூர மரத்துச் (யூகலிப்டஸ்) சருகில் எண்ணெய் இருக்கிறது. ஒரு பொறி விழுந்தால் போதும். 2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டில் பிடித்த தீ நாள்கணக்கில் எரிந்து, கடைசியில் விமானப்படை ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டியதாயிற்று. அதனால் மலைவீட்டு விழாவில் வெடி, வாணம், புகைக்குழாய், பறக்கும் விளக்கு எதுவுமே வேண்டாம். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

[காட்சி: தாம்பாளத்தில் கண்ணாடி வளையல்கள்.]

சரி, என்ன செய்யலாம்? ஏழாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் நமக்கு விழாக் காலம்தானே. இந்த மலையின் பூர்வகுடிகளான தோடர்களிடம் ஏழாம் மாதத்தை ஒட்டி வில் கொடுக்கும் சடங்கு இருக்கிறது. சோலையோரம் ஒரு மரத்தில் சிறு மாடம் வெட்டி, அதில் விளக்கேற்றி, கணவன் ஒரு சின்ன வில்லையும் அம்பையும் செய்து மனைவியிடம் கொடுப்பான். பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தகப்பன் நான் என்று ஊரறியச் சொல்வதுதான் அது. பிள்ளை ஆணா பெண்ணா என்ற பேச்சே அங்கே எழுவதில்லை. எனக்கு அந்தச் சடங்கின் மேல் தனி மரியாதை உண்டு. நாங்கள் எங்கள் வழக்கப்படி வளைகாப்பு வைத்தோம். வருகிறவர்கள் தாயைக் கொண்டாட வேண்டும், ரகசியத்தைக் குழந்தையே வந்து சொல்லட்டும் என்று முடிவு செய்தோம்.

தங்கை வீட்டுக்குச் சாலையிலிருந்து நாற்பது படிக்குமேல் இறங்க வேண்டும். பனியில் அந்தப் படிகள் வழுக்கும். அதனால் பதினைந்து பேருக்குமேல் அழைக்கவில்லை. காலை பத்தரைக்கு வெயில் படியில் விழுந்த பிறகுதான் வரச் சொன்னோம். கீழே கோயம்புத்தூரிலிருந்து வரும் உறவினர்களுக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அரசு பஸ்ஸில் வருபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. சாலையில் ஒரு வண்டியை மட்டும் வெளியே போகும் திசையில் திருப்பி நிறுத்திவைத்தோம், முன்னால் வேறு வண்டி நிற்காமல். நிறைமாதப் பெண் இருக்கும் வீட்டில் அந்த ஓர் ஏற்பாடு மற்ற எல்லா அலங்காரத்தையும்விட முக்கியம். சாவி யாரிடம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பலூன் கதையைச் சொல்ல வேண்டும். சித்தி மகன் அன்போடு கோயம்புத்தூரிலேயே பலூன்களை இறுக்கமாக ஊதி, காரின் பின் இருக்கை நிறைய அடைத்துக் கொண்டுவந்தான். பர்லியாறு தாண்டியதும் ஒவ்வொன்றாக வெடிக்கத் தொடங்கியது. மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 300 மீட்டர் உயரம், குன்னூர் 1,850. மேலே வர வர வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், பலூனுக்குள் இருக்கும் காற்று விரியும். கீழே இருந்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகும். அதனால் பலூன் வேண்டும் என்றால் வீட்டில் உட்கார்ந்து வாயாலோ கைப்பம்பாலோ ஊதுங்கள், தளர்வாக. மேலே பறக்கும் வாயு பலூன் வேண்டாம். மலிவுக்காக அதில் ஹைட்ரஜனை நிரப்பித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். குத்துவிளக்கு எரியும் கூடத்தில் அது நெருப்புப் பந்து.

பீச்சியடிக்கும் பனிநுரையும் அப்படித்தான். டப்பாவிலிருந்து அதைத் தள்ளும் வாயு பெரும்பாலும் எரியக்கூடியது. பக்கத்தில் மெழுகுவத்தி இருந்தால் முகத்தில் பற்றும். வண்ணப் பொடி வெறும் மாவுதானே என்பார்கள். 2015 ஜூனில் தைவானில் ஒரு விழாவில் தூவிய வண்ணச் சோளமாவு காற்றிலேயே தீப்பிடித்து 15 பேர் இறந்தார்கள், 500 பேர் அளவுக்குக் காயமடைந்தார்கள். நாங்கள் வண்ணத்துக்குச் சாமந்தியும் ரோஜா இதழும் வைத்துக்கொண்டோம். விழா முடிந்ததும் அவற்றைக் கூட்டித் தோட்டத்து மண்ணில் போட்டோம். மினுக்குக் காகிதமும் பிளாஸ்டிக் தட்டும் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலம் முழுவதும் 2019 ஜனவரி 1இல்தான் தடை வந்தது. நீலகிரியில் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது.

[காட்சி: மூடிய சன்னல், அருகில் கணப்பு. அதன் மேல் சிவப்புக் கோடு விழுகிறது.]

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். குளிருக்காகக் கணப்பில் கரியைப் போட்டுக் கூடத்துக்குள் கொண்டுவருவது நம் மலைவீடுகளில் பழக்கம். கதவையும் சன்னலையும் அடைத்த அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறைக்குள் கரி அடுப்போடு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியை நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். அந்த வாயு ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கருவின் ரத்தத்திலோ அது தாயின் ரத்தத்தில் இருப்பதைவிட நெடுநேரம் தங்கும். தாய்க்கு லேசான தலைவலியாகத் தெரிவது உள்ளே இருக்கும் பிள்ளைக்குப் பெரிய ஆபத்தாக இருக்கலாம். கம்பளியும் கம்பளிச் சட்டையும் போதும். சாம்பிராணியைக்கூட வாசலோடு நிறுத்திக்கொண்டோம்.

விழா எளிமையாகத்தான் நடந்தது. முதுகுக்குத் தலையணை வைத்த நாற்காலியில் தங்கையை உட்காரவைத்தோம். மனையில் உட்கார வேண்டும் என்று ஒரு பெரியம்மா சொன்னார். ஒன்பதாம் மாதத்தில் தரையிலிருந்து எழுவது எவ்வளவு சிரமம் என்று நினைவூட்டியதும் அவரே நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இங்கே வேப்பமரம் ஏது? வேப்பிலைக் காப்புக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு கொத்து வந்தது. சந்தனம் பூசி, ஒவ்வொருவராகக் கண்ணாடி வளையல் போட்டோம். புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல். தேநீரோடு வர்க்கி. ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதைக் கீழ்நாட்டு உறவினர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பரிமாறினோம்.

மிச்சத்தை வாசல் தொட்டியில் கொட்டாதீர்கள். குன்னூரிலும் கோத்தகிரியிலும் எண்ணெய், இனிப்பு வாசனைக்குக் கரடி வரும். கோயில் விளக்கெண்ணெயையே குடித்துவிட்டுப் போகும். காட்டெருமை பகலிலேயே தெருவில் நிற்கும். மீந்த சாதத்தை அன்றே பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டோம். விருந்தினர்கள் வெளிச்சத்திலேயே கிளம்பினார்கள்.

[காட்சி: தகர டப்பா, அருகில் சீட்டுகள்.]

இனி இந்த டப்பா. வந்தவர்கள் "வயிறு கூர்மையாக இருக்கிறது, பையன்தான்", "முகம் தெளிவாக இருக்கிறது, பெண்தான்" என்று தொடங்குவார்கள். இந்த அடையாளங்கள் எதிலும் உண்மை இல்லை. வயிற்றின் வடிவம் தாயின் உடல்வாகையும் குழந்தை கிடக்கும் நிலையையும் பொறுத்தது. அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லிச் சண்டை போடுவதைவிட, வேறு ஒரு விளையாட்டைக் கையில் கொடுப்பது நல்லது என்று நினைத்தேன். ஆளுக்கு ஒரு சீட்டு. பிறக்கும் தேதி, எடை, ஒரு பெயர். பெயருக்கு ஒரே நிபந்தனை: ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்த வேண்டும். கூடமே அமைதியாகி யோசிக்கத் தொடங்கியது. அன்பு, தமிழ், கதிர் என்று ஒவ்வொன்றாக வந்தன. சீட்டுகளைக் காலி வர்க்கி டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றித் துணிப்பட்டை ஒட்டி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தோம்.

மார்ச் மாதத்தில் ஒரு விடியற்காலை எல்லோருடைய கைப்பேசிக்கும் ஒரே நேரத்தில் ஒரு குரல் பதிவு வந்தது. முதலில் பத்து நொடி அழுகை. பிறகு தங்கையின் கணவர் குரல், கொஞ்சம் நடுங்கி: "பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம்." எந்த வண்ணக் கேக்காலும் தர முடியாத சந்தோஷம் அந்தப் பத்து நொடியில் இருந்தது. கற்கண்டு வாங்கிக் கொடுத்தோம். ஆண் என்றால் ஓர் இனிப்பு, பெண் என்றால் ஓர் இனிப்பு என்ற பாகுபாடு வேண்டாம் என்று முன்பே பேசி வைத்திருந்தோம்.

தொட்டில் போட்ட அன்று வீட்டாரும் இரண்டு பாட்டிகளும் மட்டும்தான். சளி, இருமல் உள்ளவர்கள் வீடியோ அழைப்பில் பார்த்தார்கள். கை கழுவாமல் யாரும் குழந்தையைத் தொடவில்லை, முத்தம் கிடையாது. நாக்கில் தேன் தொட்டு வைக்க ஒரு பாட்டி கிண்ணத்தோடு வந்தார். ஒரு வயது ஆகும்வரை தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சிளங்குழந்தையின் நரம்பையே தாக்கும் என்று சொல்லிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

பிறகு அந்தத் துணிப்பட்டையைப் பிரித்தோம். தேதியை யாரும் சரியாகச் சொல்லவில்லை. எடையில் பெரியம்மா 50 கிராம் தவறினார். பெயர்களை அம்மாவே ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசிச் சீட்டு வந்ததும் படிக்காமல் தங்கையிடம் நீட்டினார்.

[காட்சி: டப்பாவிலிருந்து ஒரு சீட்டு வெளியே எடுக்கப்படுகிறது.]

இதோ, இதுதான் அந்தச் சீட்டு. பென்சிலில், அம்மாவின் கையெழுத்தில்: மதி.