மண் காய்கிற வேகத்தில் ஒரு படம்

(முதல் ஆவணப்படம் எடுக்கக் கிளம்பும் வடசென்னை மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் பலர் கொசப்பேட்டையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். நல்ல தேர்வு. பட்டாளம், ஓட்டேரி, புரசைவாக்கம் என்று சுற்றிலும் நெரிசலான பேட்டைகள். நடுவில் பெயரிலேயே குயவரை வைத்திருக்கும் ஊர். கொசவர் பேட்டைதான் கொசப்பேட்டை ஆயிற்று. பிள்ளையார் சதுர்த்திக்கும் கொலுவுக்கும் பொம்மை வாங்க நகரத்தின் பல பக்கங்களிலிருந்தும் ஜனங்கள் அங்கே வருகிறார்கள்.

ஆனால் நீங்கள் போகப்போவது பிப்ரவரியில். பிராஜெக்ட் கொடுக்க வேண்டியது ஏப்ரலில். முதல் சிக்கலே அதுதான். கல்லூரிக்கு ஒரு காலண்டர் இருக்கிறது, மண்ணுக்கு வேறொரு காலண்டர் இருக்கிறது. பொங்கல் முடிந்து வெயில் ஏற ஏற அச்சு வேலை சூடு பிடிக்கும். வர்ணம் தீட்டுவதெல்லாம் ஆனி, ஆடியில். வியாபாரம் ஆவணி, புரட்டாசியில். பிறகு கார்த்திகை அகல். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எதுவும் காயாது. பண்டிகைத் தேதியும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2024-இல் பிள்ளையார் சதுர்த்தி செப்டம்பர் 7. 2025-இல் ஆகஸ்ட் 27. பதினோரு நாள் முன்னால் வந்தால், வர்ணம் தீட்டுகிறவர்களுக்குப் பதினோரு நாள் குறைகிறது. சதுர்த்தி முடிந்து நான்கு வாரத்துக்குள் நவராத்திரி வந்துவிடும். இதெல்லாம் தெரியாமல் பிப்ரவரியில் போய், "பெயின்ட் அடிக்கிறத கொஞ்சம் செஞ்சு காட்டுங்கக்கா" என்று கேட்டால், அந்த அக்கா பழைய பொம்மை ஒன்றை எடுத்து வைத்து உங்களுக்காகத் தூரிகை பிடிப்பார். படத்தில் அது நடிப்பாகத்தான் தெரியும். ஏனென்றால் கை வேகம் இருக்காது.

அதனால் என் யோசனை இது. ஏப்ரலுக்குள் முடித்தே ஆக வேண்டுமென்றால் அச்சு வேலையை மட்டும் எடுங்கள். இருபது நிமிடப் படத்துக்கு அது போதாது என்று நினைக்காதீர்கள். தாராளமாகப் போதும். முழுச் சுற்றையும் எடுக்க ஆசையிருந்தால் இரண்டு செமஸ்டருக்கு அனுமதி வாங்குங்கள். மாதத்துக்கு இரண்டு நாள் என்று ஓர் ஆண்டு போனால் இருபத்து நான்கு நாள் ஆகும். தொடர்ந்து பத்து நாள் அங்கேயே உட்கார்ந்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொன்று. போன உடனே பலரும் சக்கரத்தைத் தேடுவார்கள். குயவர் என்றால் சுழலும் சக்கரம் என்று மனதில் பதிந்திருக்கிறது. பொம்மை வேலை அச்சு வேலை. சக்கரம் இல்லாத வீட்டில் சக்கரத்தைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து சுற்றச் சொல்லாதீர்கள். இருக்கிற வேலையை எடுங்கள்.

அச்சு வேலையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அச்சு இரண்டு பாதியாக இருக்கும், முன்பக்கம் ஒன்று, முதுகு ஒன்று. பெரும்பாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்தது. பிசைந்த மண்ணைத் தட்டையாக்கி, அச்சுக்குள் வைத்து விரலால் அழுத்துகிறார்கள். முதலில் எங்கே அழுத்துகிறார்கள் என்று பாருங்கள். மூக்கு, விரல் நுனி, கிரீடத்தின் முனை ஆகிய ஆழமான குழிகளில் கட்டைவிரல் முதலில் போகும். அங்கே காற்று மாட்டிக்கொண்டால் பொம்மைக்கு மூக்கு மழுங்கிவிடும். பிறகுதான் மற்ற இடங்கள். மண்ணின் கனம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடம் தடித்து, ஓரிடம் மெலிந்து இருந்தால் மெலிந்த பக்கம் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், தடித்த பக்கம் அசையாமல் நிற்கும், நடுவில் விரிசல் ஓடும். பிறகு இரண்டு பாதியின் ஓரத்தையும் கீறி, குழம்பு மண் தடவி, சேர்த்து அழுத்துவார்கள். அச்சு மண்ணிலுள்ள தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மண் லேசாகச் சுருங்கித் தானே கழன்றுகொள்ளும். அவசரப்பட்டுப் பிரித்தால் கழுத்து தொங்கிவிடும்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு கேமராவை எடுத்தால் அதை எங்கே வைப்பது என்ற கேள்வியே எழாது. அந்தக் கட்டைவிரல் மூக்குக் குழிக்குள் போவதுதான் உங்கள் முதல் குளோஸப். அச்சைப் பிரிக்கிற நொடி இன்னொன்று. அதை நடுவில் வெட்டாமல், கை அச்சைத் தொடுவதிலிருந்து பொம்மை பலகையில் உட்காருகிறவரை ஒரே ஷாட்டாக எடுங்கள்.

கைவேலையைப் படமெடுப்பதில் ஒரு பெரிய வசதி உண்டு. அது திரும்பத் திரும்ப நடக்கும். ஒரே கிருஷ்ணரை ஒரு நாளில் பல தடவை செய்வார்கள். முதல் பொம்மைக்கு அறை முழுதும் தெரிகிற வைடு. இரண்டாவதுக்குக் கை மட்டும். மூன்றாவதுக்கு முகம். நான்காவதுக்குத் தோளுக்குப் பின்னாலிருந்து. யாரையும் நிறுத்தச் சொல்ல வேண்டாம், திரும்பச் செய்யச் சொல்ல வேண்டாம். எடிட்டிங்கில் நான்கும் ஒரே பொம்மையாகச் சேர்ந்துவிடும். ஆனால் ஒரு எச்சரிக்கை: ஈரமண் கறுத்திருக்கும், காயக் காய வெளுக்கும். காலையில் எடுத்த வைடுக்கு நடுவே மதியம் எடுத்த குளோஸப்பைச் செருகினால் மண்ணின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். கொசப்பேட்டைக்காரர் ஒருவர் பார்த்தால் முதல் பார்வையிலேயே கண்டுபிடிப்பார்.

எந்த ஷாட்டானாலும் குறைந்தது பத்து விநாடி அசையாமல் பிடியுங்கள். முதல் படத்தில் வரும் குறைகளில் முக்கால்வாசி, கேமரா ஓரிடத்தில் நிற்காததால் வருபவை.

அறைகள் சின்னவை. செல்போனில் 0.5 லென்ஸைத் தட்டினால் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் ஓரத்தில் இருக்கிற பொம்மைகளின் முகம் இழுபட்டுக் கோணிவிடும். முக அமைப்பையே பிழைப்பாகக் கொண்டவர்களின் வேலையை அப்படிக் காட்டக்கூடாது. 1 என்பதிலேயே வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நகர்ந்து நின்று எடுங்கள்.

வெளிச்சத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். பெரும்பாலான செல்போன்களை வாங்கும்போது விநாடிக்கு 30 ஃபிரேம் என்றே இருக்கும். ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளியை உள்ளே விடும் நேரம், 1/60 விநாடிக்குப் போனால் திரையில் கறுப்புப் பட்டை ஊர்ந்துகொண்டே இருக்கும். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள், போய்விடும். 30-ஐ மாற்ற முடியாத போனாக இருந்தால் ஷட்டரை மட்டுமாவது 1/50 அல்லது 1/100-இல் பூட்டுங்கள். ஸ்லோமோஷன் வேண்டுமென்றால் வெயிலில் மட்டும். வெளிச்சத்தின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். வாசல் பக்கம் பகல் வெளிச்சம், உள்ளே டியூப்லைட். கேமரா திரும்பும்போதெல்லாம் அம்மன் முகம் மஞ்சளிலிருந்து நீலத்துக்குப் போய்வரும்.

வெள்ளை பூசிய பொம்மைகள் வரிசையாக வெயிலில் நிற்கிற காட்சிக்கு எல்லோருக்கும் ஆசை வரும். நண்பகலில் எடுத்தால் பொம்மைகள் வெறும் வெள்ளைத் திட்டாகவும், பக்கத்தில் நிற்பவர் முகம் இருட்டாகவும் வரும். காலை எட்டு மணிக்கு முன், வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள். அப்போதுதான் மடிப்பும் விரலும் தெரியும்.

அடுத்து ஒலி. இதில்தான் மாணவர் படங்கள் அதிகம் தோற்கின்றன. கேமராவில் உள்ள மைக் பத்தடி தூரத்திலிருந்து அறையைத்தான் பதிவு செய்யும், ஆளை அல்ல. சட்டையில் குத்துகிற காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே வையுங்கள். பாலியஸ்டர் புடவையில் உரசல் சத்தம் வரும். மைக்கைச் சுற்றி ஒட்டும் பட்டையை முக்கோணமாக மடித்து வைத்து ஒட்டினால் அடங்கும். பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் அளவு வையுங்கள். சென்னைப் புழுக்கத்தில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் பத்தாவது நிமிடத்தில் பேட்டி கெட்டுவிடும். நிறுத்துவதானால் ஐந்து நிமிடம், பிறகு போடுங்கள், மறுபடி ஐந்து நிமிடம். ஆட்டோவும் ஹாரனும் கேட்கத்தான் செய்யும், அது அந்தத் தெருவின் ஒலி. ஆனால் யாரும் பேசாத அறையின் ஒலியைத் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்யாமல் வீடு திரும்பாதீர்கள். பேச்சை வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அது ஒன்றுதான் கைகொடுக்கும்.

மண்ணுக்கும் குரல் உண்டு. சுட்ட மண்ணை விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் டொக்கென்று அடைத்த சத்தம் வரும். அவர்கள் காதால்தான் தரம் பார்க்கிறார்கள். அந்த இரண்டு சத்தத்தையும் மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்துத் தனியாக எடுங்கள். வர்ணனை ஏதுமில்லாமல், அடுத்தடுத்து இரண்டு தட்டல்களைப் போட்டாலே பார்ப்பவருக்கு விளங்கிவிடும். ஈரத்தை மட்டும் கேமராவால் காட்ட முடியாது. உள்ளே ஈரம் இருந்தால் தொடும்போது சில்லென்று இருக்கும். அந்த நிலையில் சூளையில் வைத்தால் தண்ணீர் ஆவியாகிப் பொம்மையை வெடிக்க வைக்கும். அதனால்தான் முதலில் நிழலில் உலர்த்தல், பிறகு வெயில், சூளையிலும் முதலில் சின்னத் தீ. தொட்டுப் பார்க்கிற கையையும், "இன்னும் ஆகல" என்று தள்ளி வைக்கிற முகத்தையும் சேர்த்து எடுங்கள்.

கேள்விகளுக்கு வருகிறேன். "இந்தக் கலை அழிஞ்சுக்கிட்டு வருதே, உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அதற்கான பதிலை அவர்கள் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சலித்துவிட்டார்கள். "அண்ணா, இந்த அச்சு எத்தனை பொம்மைக்குத் தாங்கும்? தேய்ஞ்சா முதல்ல எங்க தேயும்?" என்று கேளுங்கள். "மண்ணு லோடு இப்ப என்ன விலை? போன வருஷம்?" "மொத்த வியாபாரி அட்வான்ஸ் எப்ப தருவார்? விக்காத பொம்மை யார் கணக்குல போகும்?" பேச்சு தானாக ஓடும். கலையின் நிலைமை அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது.

ஆண்கள் முன்னால் வந்து பேசுவார்கள். பின்னால் உட்கார்ந்து இணைப்பைத் தேய்த்து வழவழப்பாக்குவதும், வர்ணம் தீட்டுவதும் பெரும்பாலும் பெண்களாக இருக்கும். அவர்கள் கை படத்தில் வந்து குரல் வராமல் போனால் உங்கள் படம் பாதிதான். சமையல், தண்ணீர் பிடிப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் முடிகிற நேரம் எது என்று கேட்டு அதற்கேற்பப் போங்கள். கண் திறப்பது, அதாவது கண்ணை வரைவது, பொம்மைக்குக் கடைசி வேலை. சில வீடுகளில் அதை எடுக்க விடுவார்கள், சிலர் விரும்ப மாட்டார்கள். முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.

சம்மதக் கடிதம் தமிழில் இருக்கட்டும். படம் எங்கெல்லாம் காட்டப்படும் என்று அதில் எழுதுங்கள். யூடியூப் என்றால் யூடியூப் என்றே எழுதுங்கள். உங்களுக்காக ஒருவர் அரைநாள் வேலையை விட்டால் அரைநாள் கூலி கொடுங்கள். அதைப் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு முன்னால் எழுதுங்கள். இன்னொன்று, பலர் யோசிக்காதது. புது டிசைன், புது கொலு செட் என்பது அந்த வீட்டின் அந்த வருஷத்துச் சொத்து. ஆடி மாதத்தில் நீங்கள் ஆர்வத்தில் ரீல்ஸ் போட்டால், புரட்டாசிக்குள் வேறொரு ஊரில் அதே செட் வந்துவிடும். நவராத்திரி முடிகிறவரை புது மாடல் எதையும் வெளியிடாதீர்கள்.

ஒரு தகவல் பிழையும் அடிக்கடி நடக்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் வெளியிட்ட திருத்திய வழிகாட்டு நெறிகள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளைத் தடுக்கின்றன. அச்சு பிளாஸ்டரில் இருப்பதைப் பார்த்துவிட்டு, பொம்மையே பிளாஸ்டர் என்று எழுதிவிடுகிறார்கள். அச்சு வேறு, அதிலிருந்து வருகிற மண் பொம்மை வேறு. காகிதக்கூழ் பொம்மை இன்னொன்று. வர்ணம் பூசியபின் பிளாஸ்டர், மண், காகிதக்கூழ் மூன்றிலும் செய்த பொம்மைகள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அதனால் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். மண்ணைப் பற்றிச் சந்தேகம் வந்தால், 1850-இல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. சுடுமண் கலையைப் பாடமாகவே நடத்துகிறார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர்ப் பொருட்களையும் போய்ப் பாருங்கள். ஆனால் "மூவாயிரம் ஆண்டுகளாக..." என்று படத்தைத் தொடங்காதீர்கள். கட்டைவிரலிலிருந்து தொடங்குங்கள்.

காட்சிகளைப் பத்திரப்படுத்துவது பற்றிச் சுருக்கமாக. விநாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜிபி. பன்னிரண்டு மணி நேரம் எடுத்தால் 270 ஜிபி. இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டு வீட்டில். இரண்டிலும் ஏற்றி, திறந்து பார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். எடுத்த அன்றிரவே எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். பேட்டிகளைச் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு நான்கைந்து மணி நேரம் ஆகும், அலுப்பாகவும் இருக்கும். ஆனால் காகிதத்தில் வெட்டி அடுக்கிப் பார்க்காத படம் கணினியில் மாதக்கணக்கில் அலையும்.

முதல் எடிட் முடிந்ததும் பேராசிரியருக்குக் காட்டுவதற்கு முன் அந்தத் தெருவில் காட்டுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல், ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளை வேட்டி போதும். திரையைப் பார்க்காமல், பார்க்கிறவர்களைப் பாருங்கள். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே பக்கத்தில் திரும்பி "அது அப்படியில்லை" என்கிறார்கள் என்று நிமிடத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை அந்த இடங்களை ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலையும் அன்றைக்கே அவர்களிடம் வாசித்துக் காட்டிவிடுங்கள், இனிஷியலோடு.