எஸ்2 சொல்லும் சாட்சி

நேயர்களுக்கு வணக்கம். கருந்துளை, அதாவது ஒளிகூடத் தப்ப முடியாத ஈர்ப்புள்ள இடம், என்றதும் 2019-இல் வெளியான ஆரஞ்சு வளையப் படம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். எனக்கு அதைவிட வலுவான ஆதாரமாகப் படுவது ஒரு விண்மீன். பெயர் எஸ்2.

நம் பால்வழி மண்டலத்தின் மையம் தனுசு ராசி இருக்கும் திசையில், ஏறத்தாழ 27,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நடுவில் ஏகப்பட்ட தூசு. கண்ணுக்குத் தெரியும் ஒளி வந்து சேராது; அகச்சிவப்புக் கதிர் வரும். அதைப் பிடித்துத்தான் 1990-களிலிருந்து இரண்டு குழுக்கள் அந்த இடத்தையே பார்த்து வந்தன. ரைன்ஹார்ட் கென்செலின் குழு சிலி நாட்டிலிருந்து, ஆண்ட்ரியா கெஸ்ஸின் குழு ஹவாயிலிருந்து. உச்சி வெயிலில் தார்ச்சாலைக்கு மேல் காட்சி நெளியுமே, அப்படி நம் வளிமண்டலம் விண்மீனை நெளிய வைக்கும். அதை ஈடுகட்ட, தொலைநோக்கிக்குள் ஒரு கண்ணாடி நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை வடிவம் மாறிக்கொண்டே இருக்கும்.

விண்மீன் எதுவும் இல்லாத ஒரு புள்ளியை எஸ்2 16 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருவதை இரு குழுக்களும் கண்டன. பேனா பக்கத்தில் இருந்தால், பாதையின் அளவையும் சுற்றும் காலத்தையும் வைத்து நடுவில் உள்ள நிறையைச் சொல்லும் கெப்ளர் விதியை நீங்களே போட்டுப் பார்க்கலாம். அந்த நீள்வட்டப் பாதையின் மிக நீண்ட குறுக்களவில் பாதி, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் சுமார் 1,000 மடங்கு. 1,000-இன் கனம் 100 கோடி. அதை 16-இன் வர்க்கமான 256-ஆல் வகுங்கள். 39 லட்சம் வரும். அத்தனை சூரியன்களின் நிறை அங்கே இருக்கிறது! துல்லியமான அளவுகளைப் போட்டால் 43 லட்சம்.

சரி, அது ஒளி மங்கிய விண்மீன்களின் கூட்டமாக இருக்கக் கூடாதா? 2018 மே மாதம் எஸ்2 அந்தப் புள்ளியை நெருங்கியபோது இருந்த இடைவெளி, நெப்டியூனுக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் வெறும் நான்கு மடங்கு. வேகம் நொடிக்கு 7,000 கிலோமீட்டருக்கும் மேல். அந்த வேகத்தில் நிலாவுக்குப் போக ஒரு நிமிடம்கூட ஆகாது. எதிலும் மோதாமல் வெளியே வந்துவிட்டது. அவ்வளவு சின்ன இடத்தில் அத்தனை நிறையை எந்தக் கூட்டமாக அடைத்தாலும் அது நீடிக்காது; மிஞ்சுவது கருந்துளைதான். அந்த நெருக்கத்தில் எஸ்2-இன் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்ததும் ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கோட்பாடு சொன்ன அளவிலேயே இருந்தது.

2020-இல் கென்செலுக்கும் கெஸ்ஸுக்கும் இயற்பியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. மீதிப் பாதி, கருந்துளை உருவாவதைக் கணிதத்தில் காட்டிய ரோஜர் பென்ரோஸுக்கு. 2022-இல் நம் மண்டலத்துக் கருந்துளையின் படமும் வந்தது. வளையத்தின் அளவு எஸ்2 சொன்ன நிறையோடு ஒத்துப்போனது.

எஸ்2 அடுத்து நெருங்கி வருவது 2034-இல். கருந்துளை எவ்வளவு வேகமாகத் தன்னைத்தானே சுழல்கிறது என்பது இன்னும் உறுதியாகவில்லை. அதற்குள் சிலியில் 39 மீட்டர் கண்ணாடியோடு கட்டப்பட்டுவரும் தொலைநோக்கி வேலைக்கு வந்துவிட்டால், இன்னும் உள்ளே சுற்றும் மங்கலான விண்மீன்களையும் தேடலாம். வணக்கம்.