கப்பலேறிய கூழ் எங்கே போகிறது?

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஆனி மாதம் வந்தால் கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஆலை வாசல்களில் பெங்களூரா மாம்பழ லோடு வரிசை கட்டி நிற்கும். அந்தப் பழம் கூழாகி, டிரம்மில் அடைபட்டு, 20 அடி கண்டெய்னரில் துறைமுகம் போகிறது. கப்பலேறிய பிறகு அது எங்கே இருக்கிறது? நான் ஏற்றுமதி வேலைக்கு வந்த புதிதில், ஏஜெண்டைக் கேட்டால் "போய்க்கிட்டே இருக்குங்க" என்பார். அவ்வளவுதான்.

ஒரு வருஷம் வளைகுடாவுக்குப் போன லோடில் கூழ் கறுத்துவிட்டது என்று வாங்கியவர் பணத்தைப் பிடித்துக்கொண்டார். வெயிலில் எங்கே கிடந்தது, எத்தனை நாள் கிடந்தது? காட்டுவதற்கு எங்களிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. அந்த வலி இன்னும் எனக்கு ஆறவில்லை.

இப்போது கண்டெய்னர் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருவி பொருத்துகிறோம். வெப்பம், அதிர்வு, கதவு திறந்தால் உள்ளே விழும் வெளிச்சம் எல்லாவற்றையும் அது குறித்துக்கொள்ளும். ஜி.பி.எஸ். இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஜி.பி.எஸ். மூலம் கருவி தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும், அவ்வளவுதான். அதை நமக்குச் சொல்லி அனுப்ப வேறு வழி வேண்டும். தரையில் செல்போன் டவர் இருக்கிறது. நடுக்கடலில் ஏது டவர்? அங்கேதான் செயற்கைக்கோள். இரிடியம் என்ற வலையமைப்பில் மட்டும் 66 செயற்கைக்கோள்கள், சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன.

ஆனால் ஒன்று. கண்டெய்னர் மேல் கண்டெய்னராக அடுக்கியிருக்கும்போது அடியில் மாட்டிய பெட்டிக்கு வானமே தெரியாது. இரும்பு மறைத்துவிடும். அதனால் சிக்னல் இல்லாத நாட்களின் கணக்கையும் சேமித்து வைத்து, கிடைத்ததும் அனுப்பும் கருவியா என்று கேட்டு வாங்குங்கள்.

2024 ஜனவரியில் ராட்டர்டாம் போக வேண்டிய எங்கள் சரக்கைக் காட்டும் வரைபடப் புள்ளி, செங்கடல் பக்கம் போகாமல் ஆப்பிரிக்காவின் தென்முனையை நோக்கித் திரும்பியது. செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கிக்கொண்டிருந்த நேரம் அது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் பத்து நாளுக்கு மேல் கூடும். வாங்குபவர் கேட்கும் முன்பே நாங்கள் போன் போட்டுச் சொல்லிவிட்டோம்.

முதல் கண்டெய்னர் அனுப்பப்போகும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வெப்பப் பதிவு இரு தரப்புக்கும் தெரிய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். லோடு கிளம்பும் அன்று கதவை மூடி சீல் வைத்ததும், நான்கு எழுத்தும் ஏழு இலக்கமுமான கண்டெய்னர் எண், சீல் எண், கருவி எண் மூன்றும் தெரிய போட்டோ எடுத்து வையுங்கள்.

நன்றி, வணக்கம்.