22க்கு முன்னால் 21 இருக்கிறது

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். பெண்களைப் பற்றி வேதாகமம் சொல்வதற்குப் பழைய விளக்கமே போதும் என்பது எதிரணியின் கட்சி. மறுபடி வாசித்தே ஆக வேண்டும் என்பது எங்கள் கட்சி. எனக்கு முன் பேசிய ஐயா, "வேதத்தைத் திருத்த நீங்கள் யார்?" என்று கேட்டுவிட்டு, பவுலின் கடிதமான எபேசியரில், மனைவிகள் புருஷருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் 5:22ஐ முழங்கினார். கைதட்டல் அள்ளிக்கொண்டு போனது. நானும் தட்டினேன், அந்தக் குரலுக்காக.

ஐயா, நான் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. ஒரு வரி மேலே ஏறிப் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான். 21ஆம் வசனம்: "தெய்வ பயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்." ஒருவருக்கொருவர்! வத்திக்கான் கைப்பிரதி போன்ற மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் 22இல் 'கீழ்ப்படியுங்கள்' என்ற வினையே கிடையாது. "மனைவிகளே, உங்கள் சொந்தப் புருஷருக்கு" என்று பாதியில் நிற்கிறது. "அண்ணன் தம்பிக்கு உதவினான், தம்பி அண்ணனுக்கு" என்று நாம் சொல்வதில்லையா? இரண்டாவது பாதி முதல் பாதியிடம் வினையைக் கடன் வாங்குகிறது. அதேதான் இங்கேயும். முன்பாதியை வெட்டிவிட்டுப் பின்பாதியை மட்டும் மணமகள் கையில் கொடுத்தால் எப்படி? வசன எண்களும் பவுல் போட்டவை அல்ல. புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள எண்களை 1551இல் போட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர்.

சரி, கீழேயும் இறங்குவோம். 25இல் புருஷன் தன் மனைவிமேல் அன்புகூர வேண்டும், கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல. உயிரைக் கேட்கிற வசனம் இது. 22ஐ முழங்குகிற குரல் 25க்கு வரும்போது ஏனோ கொஞ்சம் தணிந்துவிடுகிறது!

அப்புறம், "சபையில் பெண்கள் பேசக்கூடாது" என்கிற 1 கொரிந்தியர் 14:34. அதே அதிகாரத்தில் 28உம் 30உம் வேறு இரண்டு பேரைப் பேசாமலிருக்கச் சொல்கின்றன: அர்த்தம் சொல்ல ஆளில்லாமல் அந்நிய பாஷை பேசுகிறவரை, உட்கார்ந்திருக்கும் இன்னொருவருக்கு வெளிப்பாடு வரும்போது முதலில் பேசிக்கொண்டிருந்த தீர்க்கதரிசியை. மூன்று இடத்திலும் கிரேக்கத்தில் ஒரே வினை. அந்த இருவருக்கும் அது அந்த நேரத்து ஒழுங்கு, பெண்ணுக்கு மட்டும் ஆயுள்தண்டனையா? 11:5இல் பெண்கள் ஜெபம்பண்ணுவதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் பற்றிப் பவுல் பேசுகிறார். தலையை மூடிக்கொள்ளச் சொல்கிறார், வாயை அல்ல.

முதல் பெண்ணை வேதம் 'ஏற்ற துணை' என்கிறதே, அதற்கு எடுபிடி என்றும் ஐயா ஒரு விளக்கம் தந்தார். ஆதியாகமம் 2:18இல் உள்ள எபிரெயச் சொல் 'ஏசெர்'. 121ஆம் சங்கீதத்தில் கர்த்தரிடமிருந்து வரும் ஒத்தாசைக்கும் அதே சொல்தான். மோசே தன் மகனுக்கு எலியேசர் என்று பெயர் வைத்தாரே, அதற்குள் இருப்பதும் இதே ஏசெர்தான். அங்கே துணை நின்றவர் கடவுள். அவரையும் எடுபிடி என்பாரா ஐயா?

எபேசியர் 6:5 அடிமைகளை எஜமானருக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. அதை வைத்து அடிமைமுறை வேண்டும் என்று இன்று எதிரணியில் யாராவது எழுந்து பேசுவார்களா? மாட்டார்கள். அங்கே மறுவாசிப்பு செய்தாயிற்று, சத்தமில்லாமல்.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணியின் அடுத்த பேச்சாளரும் 22ஐத்தான் எடுப்பார் என்று தெரியும். எடுக்கட்டும், 21இலிருந்து தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.